ஜவ்வரிசி ஆலையில் எது கழிவு?

தருமபுரி மாவட்டத்தின் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களில் மரவள்ளி அறுவடை தொடங்கியதும் கிழங்கு லாரிகள் சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் புறப்படும். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் முயற்சியில் வேரூன்றிய தொழில் இது. பிறகு தருமபுரி, நாமக்கல் பக்கமும் பரவியது.

கிழங்கின் எடையில் மாவு 25 முதல் 30 விழுக்காடுதான். மற்றதெல்லாம் தோல், நார், தண்ணீர். அப்படியானால் மாவு போக மிஞ்சுவது எங்கே போகிறது?

தோல் சீவிய கிழங்கை அரைவை எந்திரம் கூழாக்கும். சல்லடையில் மாவுப்பால் கீழே இறங்க, நார் மேலே தங்கும். அந்த நார்தான் திப்பி. எவ்வளவு அலசினாலும் அதில் மாவு ஒட்டிக்கொண்டே இருக்கும். காய்ந்த திப்பியின் எடையில் பாதிக்கு மேல் மாவு என்பதால், களத்தில் உலர்த்தி மாட்டுத் தீவனத்துக்கு விற்றுவிடுகிறார்கள். மரவள்ளியில் இயல்பாக இருக்கும் சயனைடு நச்சும் வெயிலில் காயக் காயக் குறைகிறது. மண் ஒட்டிய தோல் மட்கி எருவாகும். யாரும் பாடம் நடத்தாமலே, காசு கிடைக்கிறது என்பதற்காகவே பல்லாண்டுகளாக நடந்துவரும் வேலை இது.

கழிவை வீணாக்காத இதே பழக்கத்துக்காக வணிக வளாகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இன்று ‘ட்ரூ’ என்றொரு கழிவின்மைச் சான்றிதழ் உலகெங்கும் வழங்கப்படுகிறது. கழிவில் குறைந்தது 90 விழுக்காடு குப்பைமேட்டுக்கும் எரிஉலைக்கும் போகாமல் பயன்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். 12 மாதக் கணக்கை எடைச்சீட்டோடு காட்ட வேண்டும். ‘யுஎல் 2799’ என்ற இன்னொரு சான்றில் 100 விழுக்காட்டை எட்டினால் பிளாட்டினம் தகுதி. திப்பியையும் தோலையும் நிறுத்துப் பார்த்தால் ஒழுங்காக நடக்கும் சேகோ ஆலைக்கு இந்த இலக்கு எட்டாக்கனி அல்ல. கிழிந்த சாக்கு, பிளாஸ்டிக் பை, எந்திர எண்ணெய் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக் கணக்கெழுதும் பழக்கம் வந்தால் போதும்.

ஆனால் இந்தக் கணக்கு திடக்கழிவுக்கானது. சேகோ ஆலையின் உண்மையான கழிவோ தண்ணீர்.

ஒரு டன் கிழங்குக்குப் பல ஆயிரம் லிட்டர் நீர் செலவாகிறது. தொட்டியில் மாவு படிந்தபின் மேலே தெளியும் நீரில் கரைந்த மாவும் சர்க்கரையும் இருக்கும். சில மணி நேரத்தில் அது புளித்து அமிலமாகி நாறும். ஓடையில் விட்டால் அங்குள்ள ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் உறிஞ்சிவிட, மீன்கள் சாகும். நிலத்தில் தேக்கினால் கிணறு கெடும். குட்டையிலேயே அழுக விட்டாலும் மீத்தேன் காற்றில் கலக்கும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும் வாயு அது.

இதற்கு விடையாக வந்தது நெதர்லாந்தில் 1970-களில் கேட்சே லெட்டிங்காவும் அவரது குழுவும் உருவாக்கிய கலன். கழிவுநீரை அடியிலிருந்து மெல்ல மேலேற்றுவார்கள். கலனுக்குள் கடுகு மணிகள்போல் திரண்ட நுண்ணுயிர்த் திரள்கள் போர்வையாக மிதக்கும். கழிவுநீர் அவற்றைத் தாண்டும்போது சில வகை நுண்ணுயிர்கள் மாவைச் சர்க்கரையாகவும் அமிலமாகவும் உடைக்க, வேறு சில அதை மீத்தேனாக மாற்றும். உச்சியில் வாயு ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம் பிரிய, திரள்கள் மீண்டும் அடியில் படியும். மீத்தேன் உண்டாக்கும் உயிர்களுக்குப் புளிப்பு ஆகாது. அதனால் சுண்ணாம்பு சேர்த்தோ, கலனிலிருந்து வெளிவரும் நீரைத் திருப்பிக் கலந்தோ அமிலத்தை முறிக்க வேண்டும். கிழங்கு வராத மாதங்களில் பட்டினி கிடந்தாலும் இந்தத் திரள்கள் அடுத்த பருவத்தில் மீண்டும் வேலைக்கு வந்துவிடுவதுதான் எனக்குப் பெரும் வியப்பு. பருவத்தொழிலான ஜவ்வரிசிக்கு இதைவிடப் பொருத்தமான வேலையாள் இல்லை.

சேலம் வட்டாரத்தில் பல ஆலைகள் இந்தக் கலனையும் இதன் கலப்பின வடிவத்தையும் நிறுவியுள்ளன. கிடைக்கும் வாயு, கந்தக நாற்றம் நீக்கப்பட்டு ஜெனரேட்டரை ஓட்டுகிறது. ஜவ்வரிசி வறுக்கும் அடுப்பில் விறகுக்குப் பதிலாக எரிகிறது. ஒரு கன மீட்டர் வாயுவில் ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் எடுக்கலாம்.

கலனோடு வேலை முடியவில்லை. வெளிவரும் நீரில் எஞ்சும் அழுக்கைக் காற்றூட்டித் தீர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுக்குள் வந்தபிறகே தென்னைக்கோ தீவனப்புல்லுக்கோ பாய்ச்ச வேண்டும். முதலீடு போட முடியாத சிறு ஆலைகள் இங்கேதான் திணறுகின்றன. பல ஆலைகளுக்கு ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையம், வங்கிக் கடன், மானியம் எல்லாம் அவர்களுக்குத் தேவை. தருமபுரியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைத் தள்ளிப்போட இடமில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் கொண்டுவர வேண்டியிருந்த மாவட்டம் இது. 2013-ல் தொடங்கிய அந்தத் திட்டம் குடிக்கத்தான் தண்ணீர் தருகிறது. வயலும் மாடும் இன்னும் கிணற்றை நம்பியே இருக்கின்றன. சேகோ ஆலைக்குக் கழிவின்மைச் சான்று வழங்குபவர்கள் எடைச்சீட்டோடு நிற்காமல், ஆலையைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்ச் சோதனை முடிவையும் ஆண்டுதோறும் கேட்க வேண்டும்.