இணையத்தில் நற்பெயர் ஈட்டலும் காத்தலும்

மாட்டுக்குக் குறிசுடும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்துவந்தது. வழிதவறிய மாடு எவருடையது என்பதை அறிதற்பொருட்டு, உடையவனுக்குரிய குறியைக் காய்ச்சிய இரும்பினால் அதன் தோலிற் பொறித்தனர். ஆங்கிலத்தில் ‘பிராண்ட்’ என வழங்குஞ் சொல்லின் பழம்பொருளும் இச் சூட்டுக்குறியே. பின்னர் அச்சொல் வணிகப் பண்டங்களின் முத்திரையைக் குறிக்கலாயிற்று. 1997ஆம் ஆண்டில் தொம் பீற்றர்ஸ் என்னும் அமெரிக்கர் ‘பாஸ்ற் கொம்பனி’ என்ற சஞ்சிகையில் எழுதிய கட்டுரையொன்றில், கம்பனிகள் தம் முத்திரையைப் பேணுமாறு போல ஒவ்வொரு மனிதரும் தம் பெயரைப் பேணி வளர்த்தல் வேண்டும் என்றார். இணையம் பரவிய பின் அக்கருத்து உலகெங்கும் ஒரு கலையாகவே பயிலப்படுகின்றது.

இக்கலை நம்மவர்க்கு எளிதிற் பொருந்துவதன்று. தன்னைத் தானே மெச்சிக்கொள்வோனை நம் ஊர் மதிப்பதில்லை. ஒருவன் எத்தகையவன் என்பதை அவன் கூறாமலே ஊரார் அறிந்திருந்தனர். இன்னார் மகன், இந்த ஊர், இன்ன கல்லூரியிற் படித்தவன் என்ற மூன்று விடைகளில் அவன் வரலாறு அடங்கியது. 1983ஆம் ஆண்டின் பின் நம் மக்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் மெல்பேணிலும் பல்லாயிரக்கணக்கிற் குடியேறினர். அங்கே ஓர் உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும் இளைஞனைப் பற்றி விசாரித்தறிய அயலவர் எவருமிலர். விண்ணப்பத்தைப் பெறுவோர் பலர் அவன் பெயரைத் தேடுபொறியில் இட்டுப் பார்க்கின்றனர். அங்கே தோன்றுவது எதுவோ அதுவே அவனுக்குரிய முதற் சாட்சி. ஒன்றுந் தோன்றாவிடின் அவனுக்குச் சாட்சியில்லை. வேறொருவனுடைய குற்றம் அவன் பெயரிலே தோன்றுமாயின் அதன் பயனையும் அவனே நுகர்வான். ஆதலின் அடக்கமே போதுமென நாம் வாளாவிருத்தல் இயலாது.

தற்புகழ்ச்சிக்கும் தன்னை அறிவித்தற்கும் இடையிலுள்ள எல்லை யாது? இவ்வினாவுக்கு விடைகாண நாம் அமெரிக்கா வரை செல்ல வேண்டுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்திலேயே அவ்விடை உளது. அரிய பல நூல்களைச் செய்து முடித்தவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பது பொதுவிதி. ஆயினும் நான்கு இடங்களில் அது குற்றமாகாதென அவர் விலக்களிக்கின்றார். அரசன் அவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடையே இருக்கும்போது, அவையிலே வாதஞ்செய்து வெல்லவேண்டியபோது, மாற்றான் தன்னைப் பழித்தபோது என்பனவே அந்நான்கு. இன்று உத்தியோகத்துக்கு அனுப்பும் விண்ணப்பம் முதலாவதன்பாற்படும். ஊர் பேர் அறியாதார் நிறைந்த இணையம் இரண்டாவதன்பாற்படும். பொய்ப்பழிக்கு விடையளித்தல் நான்காவதாகும். இவற்றுக்கு அப்பால், நாளும் பொழுதும் தன் படத்தையுந் தன் பெருமையையும் பரப்பிக் கொண்டிருத்தல் பழைய விதியின்படியும் குற்றம், காண்போருக்குஞ் சலிப்பு.

அவ்வாறாயின் தன்னை அறிவிக்கும் பக்கத்தில் எவற்றை எழுதல் வேண்டும்? இதற்கும் நன்னூல் வழிகாட்டும். நூலொன்றின் சிறப்புப்பாயிரம் எட்டுச் செய்திகளைக் கூறவேண்டுமென அது விதிக்கின்றது. செய்தவன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், அமைப்பு, உள்ளுறை பொருள், கேட்டற்குரியோர், பயன் என அவை அமையும். ‘லிங்க்டு இன்’ முதலிய உத்தியோகத் தளங்களில் நம் மாணவர் எழுதும் அறிமுகங்களைப் பார்த்தால், ஆர்வம், உழைப்பு, தலைமைப் பண்பு என எவருக்கும் பொருந்தும் சொற்களே மலிந்துள. அவற்றை விடுத்து, எவரிடம் கற்றேன், எதனைச் செய்தேன், அஃது எங்கே பயன்படுகின்றது, எவருக்கு உதவும் என்பவற்றை எழுதினால் ஐந்தாறு வரிகளே போதும். ‘நீர்ப்பாசனத்தில் ஆர்வமுடையேன்’ என்பதிலும், ‘எங்கள் ஊர்க் கிணறுகள் இருபதின் நீரை ஓராண்டு மாதந்தோறும் அளந்து பதிந்துள்ளேன், அப்பதிவு இங்கே உளது’ என்பது நூறு மடங்கு வலியது. பின்னதைப் படிப்பவன் தானே ஆராய்ந்து நம்பிக்கை கொள்ளலாம்.

பாராட்டுரையை எவர் எழுதலாம் என்பதற்கும் விதியுண்டு. நூல்செய்தவனுடைய ஆசிரியன், உடன்கற்றவன், மாணாக்கன், உரைகாரன் ஆகிய நால்வரே சிறப்புப்பாயிரஞ் சொல்லத் தக்கவர். இந்நால்வரும் அவனுடைய வேலையை அருகிருந்து அறிந்தவர்கள். அவனை அறியாத பெரியார் ஒருவரின் புகழுரை அப்பட்டியலில் இல்லை என்பது சிந்திக்கத்தக்கது. இன்றைய தளங்களிலும் ஒருவர்க்காக மற்றொருவர் பரிந்துரை எழுதும் இடமுளது. அங்கே உயர்பதவியாளர் ஒருவரின் வெறும் புகழ்மொழியிலும், ஒன்றாக வேலைசெய்த ஒருவரின் மூன்று வரி பெரிதும் பயன்தரும். பழைய மாணவர் சங்கத்தார் இளையோர்க்குப் பணமின்றியே செய்யக்கூடிய பேருதவி இது.

இவ்விதிகள் நடைமுறையில் எவ்வாறு பயன்தரும் என்பதற்கு ஆறுமுக நாவலர் வரலாற்றினும் சிறந்த சான்று நமக்கில்லை. 1822இல் நல்லூரிற் பிறந்த அவர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் தமிழகஞ் சென்றபோது திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை வழங்கினர். அப்பட்டம் அவர் தாமே சூடிக்கொண்டதன்று. அவருடைய சொல்வன்மையை நேரிற் கேட்டவர் கொடுத்தது. அப்பயணத்தில் அச்சியந்திரம் வாங்கி மீண்டு, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை அமைத்தார். அக்காலத்தில் அச்சு என்பது இன்றைய இணையத்தைப் போலப் புதியதொரு கருவி. எவரும் எதனையும் அச்சிடலாம் என்ற நிலையில் பிழை மலிந்த பதிப்புகளும் பெருகின. நாவலரோ ஏடுகளை ஒப்புநோக்கி, பிழைதிருத்தி, சொற்களைப் பிரித்துக் குறியீடுகளிட்டு, படிப்போர்க்கு எளிதாக வெளியிட்டார். 1861இல் பரிமேலழகருரையோடு அவர் வெளியிட்ட திருக்குறள் அவற்றுள் ஒன்று. ‘நல்லூர் ஆறுமுக நாவலர் பரிசோதித்தது’ என்னும் முகப்பு வாசகமே நூலுக்கு உறுதிப்பத்திரமாயிற்று. 1868இல் சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு வெளியிட்டபோதும் நாவலரே அதனைப் பரிசோதித்துக் கொடுத்தார். 1879இல் நாவலர் மறைந்த பின்னும் ‘நாவலர் பதிப்பு’ என்னுஞ் சொல் பிழையின்மைக்கு மறுபெயராக நின்றது. குறி மாட்டை அடையாளங் காட்டும். பால் சுரப்பது மாட்டின் தொழில். நாவலர் பெயர் நிலைபெற்றது அதன் பின்னே நின்ற பரிசோதனையினால்.

நம் காலத்திலும் இத்தகையோர் உளர். 2003ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கி வளர்த்தவர்களுள் முதல்வர் யாழ்ப்பாணத்தவரான கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். அக்கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகளில் எழுதியவர் பெயர் முகப்பில் இடம்பெறுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு திருத்தமும் எவர் செய்தது, எந்நாளிற் செய்தது என்பது வரலாற்றுப் பக்கத்திற் பதிவாகின்றது. ஆண்டுக்கணக்கில் ஆரவாரமின்றிச் செய்த அப்பணிக்காகக் கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதை அவருக்கு வழங்கியது. தொடர்ந்து செய்யும் வேலை தானே பெயரைத் தேடித்தரும் என்பதற்கு இஃதொரு சான்று.

இனி நம்மவர்க்கே உரிய இடர்கள் சிலவுள. முதலாவது, பெயரெழுத்து. தாமோதரம்பிள்ளை அவர்களே தமிழில் ‘சி. வை.’ எனவும் ஆங்கிலத்தில் ‘சி. டபிள்யூ.’ எனவும் வழங்கப்படுகின்றார். நம் ‘த’ ஆங்கிலத்தில் சிலரால் ‘ரி’ என்ற ஓரெழுத்தாலும் சிலரால் ‘ரி, எச்’ என்ற ஈரெழுத்தாலும் எழுதப்படுகின்றது. ‘ச’கரமும் ‘ழ’கரமும் இவ்வாறே. பிறநாடு சென்றால் குடும்பப்பெயர் கேட்கின்றனர். தந்தையார் பெயரை எழுத, அதுவே நம் பெயராகி, இட்ட பெயர் மறைந்து போகின்றது. பிறப்புச் சான்றிதழில் ஒருவராகவும், பட்டத்தில் மற்றொருவராகவும், கடவுச்சீட்டில் மூன்றாமவராகவும் ஒரே மனிதர் காட்சியளிக்கின்றார். தேடுபொறி இம்மூவரையும் ஒருவரென எளிதில் அறியாது. எனவே மாணவப் பருவத்திலேயே ஓர் எழுத்துக்கூட்டலைத் தெரிந்து, எல்லாப் பத்திரங்களிலும் தளங்களிலும் அதனையே வழங்குக. தமிழ் வடிவத்தையும் அருகில் எழுதுக. ஆராய்ச்சி செய்வோர், 2012இல் தொடங்கிய ‘ஓர்கிட்’ என்னும் அமைப்பினிடம் பதினாறு இலக்க எண்ணொன்றை இலவசமாகப் பெறலாம். பெயர் எவ்வாறு மாறினும் அவ்வெண் மாறாது.

இரண்டாவது, எழுத்துரு. நம்மவர் பலர் நெடுங்காலம் ‘பாமினி’ எழுத்துருவில் தட்டெழுதினர். அது யுனிக்கோட் முறையில் அமையாமையால், அவ்வாறு வெளியிட்டவற்றைத் தேடுபொறி தமிழென அறிவதில்லை. படமாக மட்டும் இட்ட பக்கங்களின் நிலையும் பெரும்பாலும் அதுவே. அரிய கட்டுரை எழுதியவரும் இதனால் அறியப்படாது கிடப்பர். அவற்றை யுனிக்கோட் எழுத்துக்கு மாற்றி மீள வெளியிடல் நன்று.

மூன்றாவது, இடம். முகநூல் முதலியவை பிறர் காணி. நாம் அங்கே குடியிருப்போர் மாத்திரமே. ‘ஜியோசிற்றீஸ்’ என்னும் பெருந்தளத்தை அதனை நடத்தியோர் 2009இல் மூடினர். ‘கூகுள் பிளஸ்’ 2019இல் மூடப்பட்டது. அங்கே மாத்திரம் எழுதி, படியெடுத்து வையாதார் தம் எழுத்தை இழந்தனர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட நமக்கு, ஒரே இடத்தில் வைத்த செல்வம் ஒரே நாளில் அழியும் என்பதை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. சிறிதாயினும் தன் பெயரில் ஓர் இணையமுகவரியைப் பதிந்துகொள்ளல் நன்று. 2010 முதல் ‘.இலங்கை’ என்னும் தமிழ் முடிவுடைய முகவரிக்கும் வழியுளது. எழுதியவற்றின் படி வீட்டிலும் இருத்தல் வேண்டும். 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் நம் பாடசாலை மலர்கள் பல சேர்க்கப்பட்டுள்ளன. ஊர்ச் சஞ்சிகையில் எழுதிய சிறு கட்டுரையும் அவ்வழி உலகெங்குஞ் சென்று நிலைக்கும்.

பெயரை ஈட்டிய பின் காத்தல் வேண்டும். ஆண்டுக்கிருமுறையாவது தன் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தானே தேடிப் பார்க்க. அயலார் காண்பதை அவ்வாறே காண, கணக்குகளினின்று வெளியேறித் தேடுதல் முறை. ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வைத்து, கைத்தொலைபேசிக்குக் குறியெண் வரும் இரண்டாம் பூட்டையும் இடுக. பிறனொருவன் நம் படத்தையும் பெயரையுங் கொண்டு போலிப் பக்கந் தொடங்கினால், அதனைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தளத்தாருக்கு முறையிட்டு, நண்பருக்கும் அறிவிக்க. இந்நாளில் வினாவுக்கு விடைகூறும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் ஒரே பெயருடைய இருவரை ஒருவராகக் கலந்து கூறுவதுமுண்டு. நம்மைப் பற்றி நாமே உண்மையாக எழுதிய தெளிவான பக்கம் ஒன்றிருத்தல் அதற்கொரு மாற்றாகும்.

சட்டமும் ஓரளவு துணைபுரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில், ஸ்பானியர் ஒருவரின் பழைய கடன் பற்றிய 1998ஆம் ஆண்டுப் பத்திரிகை அறிவித்தலை அவர் பெயரைத் தேடுவோர்க்குக் காட்டிய வழக்கில், காலங்கடந்து பொருத்தமற்றுப்போன செய்திகளின் இணைப்பை நீக்குமாறு தேடுபொறியைக் கேட்கும் உரிமை மக்களுக்குண்டெனத் தீர்ப்பளித்தது. இலங்கையில் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கான சட்டம் 2022இல் நிறைவேறியது. ஆயினும் நீக்குதல் அரிது, இடாதிருத்தல் எளிது. சினத்தில் எழுதிய ஒருவரி பத்தாண்டின் பின் விண்ணப்பத்தோடு உடன்செல்லும் என்பதை மாணவர் மறத்தலாகாது. பெறாத பட்டத்தைப் பெற்றதாக எழுதுவோரும், விலைகொடுத்துப் பின்பற்றுவோரைச் சேர்ப்போரும் ஒருநாள் வெளிப்படுவர். அன்று அவர் செய்த மெய்யான வேலையும் ஐயத்துக்குரியதாகும்.

மாணவர்காள், இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. நீவிர் மெய்யாகச் செய்து முடித்த ஒரு வேலையை, அது சிறிதாயினும், பிழையற எழுதி, உம் பெயரைச் செவ்விதாக இட்டு, எவரும் பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு மற்றொன்றை வையுங்கள். உம்முடைய ஆசிரியருந் தோழரும் அதற்குச் சாட்சி கூறட்டும். பெரியோர்களே, கல்லூரியில் உம்முடன் கற்றவர், உம்மிடம் வேலை பழகியவர் எவரேனும் இருப்பின், அவரைப் பற்றி நீங்கள் அறிந்த உண்மையை மூன்று வரியில் எழுதிக் கொடுங்கள். ஊரின் சாட்சி எட்டாத தூரத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அம்மூன்று வரியே ஊராக நின்று உதவும்.