யூரியா மூட்டையில் 46: எங்கிருந்து வந்தது?

பாகூரிலும் வில்லியனூரிலும் நடவு முடிந்த விவசாயி தேடுவது யூரியா. 45 கிலோ மூட்டை. அதன்மேல் "நைட்ரஜன் 46 சதவீதம்" என்று அச்சிட்டிருக்கும். 100 கிலோ உரத்தில் தழைச்சத்து 46 கிலோ என்று அர்த்தம்.

இந்த 46-ஐ நிர்ணயித்தது யார்? கம்பெனியா? சர்க்காரா? இரண்டும் இல்லை. யூரியாவின் சூத்திரம்!

சூத்திரம் என்றாலே பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுக்கம். மந்திரம்போல் உருப்போடுகிறார்கள். உண்மையில் அது மளிகைக் கடைச் சிட்டை மாதிரிதான்.

எழுத்தும் எண்ணும்

கரிக்கு சி, பிராணவாயுவுக்கு ஓ, நைட்ரஜனுக்கு என், ஹைட்ரஜனுக்கு எச். இப்படி எழுத்தால் குறிக்கும் முறையை வகுத்தவர் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ். யூரியாவின் சூத்திரம் சிஓ(என்எச்2)2. வளைவுக்கு வெளியே உள்ள 2, உள்ளே இருப்பதெல்லாம் இரண்டு மடங்கு என்கிறது. ஆக, கரி அணு 1, பிராணவாயு 1, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4.

எடை போட்டுப் பார்ப்போமா? ஹைட்ரஜன் அணுவின் எடை 1 என்றால் கரி 12, நைட்ரஜன் 14, பிராணவாயு 16. எல்லாம் கூட்டினால் 60. அதில் நைட்ரஜன் 28. நூற்றுக்கு 46-க்குச் சற்று மேல்!

அம்மோனியம் சல்பேட்டிலும் நைட்ரஜன் 28தான். ஆனால் மொத்தம் 132. நூற்றுக்குச் சுமார் 21தான் தேறும். (அதில் கந்தகமும் உண்டு; அதுவும் பயிருக்கு வேண்டியதே.)

எண்ணிக்கை மட்டும் போதுமா? போதாது. 1828-ல் ஜெர்மானிய விஞ்ஞானி வோலர், அம்மோனியம் சயனேட் தயாரிக்கப் போனார். கிடைத்ததோ யூரியா! இரண்டிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. அடுக்கு மட்டும் வேறு. எது எதனோடு சேர்ந்திருக்கிறது என்று காட்டத்தான் அந்த வளைவு.

கணக்குச் சூத்திரம் வேறு

கணக்கிலும் சூத்திரம் என்றே பெயர். வேலை வேறு. ரசாயனச் சூத்திரம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும். கணக்குச் சூத்திரம் என்ன செய்வது என்று சொல்லும். காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' வட்டத்தின் பரப்பு காண வழி சொல்கிறது: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு. சுற்றளவு 22 அடி, விட்டம் 7 அடி உள்ள கிணறா? 11-ஐ மூன்றரையால் பெருக்கு. 38½ சதுர அடி.

வயலில் இரண்டும் கைகோக்கின்றன. தழைச்சத்து 23 கிலோ தேவை என்றால், 100-ஆல் பெருக்கி 46-ஆல் வகுக்க வேண்டும். யூரியா 50 கிலோ; ஒரு மூட்டையும் 5 கிலோவும். அம்மோனியம் சல்பேட் என்றால் சுமார் 110 கிலோ! யூரியாவுக்குப் பதில் கிலோவுக்குக் கிலோ இதைப் போட்டால் பயிர் வெளுத்து நிற்கும். இதற்குப் பதில் அதே எடைக்கு யூரியாவைக் கொட்டினாலோ, பயிர் கொழுத்துச் சாயும். பூச்சியும் தேடி வரும்.