ஊர் திரும்பிய முதியோரும் நடையும்

படுவான்கரை முதியோருக்கு நடை புதிய விடயமல்ல. விடியப்புறம் எழும்பி வட்டைக்கு நடந்தவர்கள், மண்முனைத் துறை வரை நடந்து 'பாதை' ஏறி எழுவான்கரைக்குப் போய் வந்தவர்கள், தாந்தாமலை முருகனின் திருவிழாவுக்குக் கால்நடையாகவே சென்றவர்கள் இவர்கள். இவர்களுக்கு நடையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் இப்பகுதி மக்கள் வீடு வாசலை விட்டு வாவியின் மறுகரைக்கு இடம்பெயர்ந்தனர். நலன்புரி நிலையங்களில் கூடாரத்துக்குக் கூடாரம் நெருக்கம். தண்ணீர் பவுசரில் வந்தது. நிவாரண வரிசையில் பிள்ளைகள் நின்றார்கள். வயதானவர்கள் ஒரு பாயில் அல்லது ஒரு கதிரையில் இருந்தார்கள். மே மாதம் முதல் கட்டம் கட்டமாக மீள்குடியேற்றம் நடந்தது. ஆனால் ஊருக்கு வந்த பின்பும் பல முதியவர்கள் நடக்கத் தொடங்கவில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் நாங்கள் சந்தித்த ஒரு அம்மம்மா சொன்னார்: "அங்க இருந்து இருந்தே கால் பழகிப் போச்சு மனே. இப்ப கோயிலடிக்குப் போகவும் பயமாக் கிடக்கு."

அந்தப் பயத்துக்குக் காரணங்கள் உண்டு. வழியில் மிதிவெடி இருக்குமோ, விழுந்தால் யார் தூக்குவார், போகிற வீடுகளில் பழைய ஆட்கள் இருக்கிறார்களோ இல்லையோ என்ற எண்ணங்கள் ஆளைத் திண்ணையிலேயே இருத்தி விடுகின்றன. இந்தக் கட்டுரை அவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் உரியது.

நடக்காமல் இருந்தால் என்ன நடக்கும்?

வயது போகப் போகத் தசை தானாகவே மெலியும். நடக்காமல் இருப்பவருக்கு அது இன்னும் விரைவாக நடக்கும். ஓரிரு வாரம் படுக்கையில் கிடந்தாலே தொடை மெலிந்து, கதிரையில் இருந்து எழும்பக் கை ஊன்ற வேண்டி வரும். தொடையில் பலம் இல்லாதவர் தடுமாறி விழுவார். ஒருமுறை விழுந்தவர் பயத்தில் இன்னும் குறைவாக நடப்பார். அதனால் பலம் மேலும் குறையும்.

நடக்கும்போது கெண்டைக்காற் தசைகள் சுருங்கி விரிந்து, காலில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துப் பயன்படுத்துகிறது. அதனால் நீரிழிவு உள்ளவருக்குச் சீனியின் அளவு குறைய நடை உதவும். தொடர்ந்து நடந்தால் இரத்த அழுத்தமும் குறையும். மலச்சிக்கல் தீரும், இரவில் நித்திரை வரும். முழங்கால் நோவு உள்ளவர்கள் நடக்கவே கூடாது என்று பலர் நினைக்கின்றனர். அளவோடு நடந்தால் மூட்டைச் சுற்றியுள்ள தசை பலப்பட்டு நோவு குறைவதே வழமை.

எவ்வளவு நடக்க வேண்டும்?

65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2010ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம் என்று இதைக் கணக்கிடலாம். ஒரே தடவையில் நடக்க வேண்டியதில்லை. காலையில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம் என்று பிரித்தும் நடக்கலாம்.

நீண்ட காலம் நடக்காதவர்கள் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். முதல் வாரம் வளவைச் சுற்றி நடந்தால் போதும். அடுத்த வாரம் படலையைத் தாண்டி ஒழுங்கை முடியும் வரை போய்த் திரும்புங்கள். உடம்பு இடம் கொடுத்தால் வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். வேகத்தை அறிய மணிக்கூடு தேவையில்லை. நடந்தபடி கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம். கதைக்கவே மூச்சு முட்டினால் வேகத்தைக் குறையுங்கள்.

நடையோடு இன்னும் ஒரு சிறு பயிற்சி செய்யலாம். சுவரோடு சேர்த்து வைத்த கதிரையில் இருந்து, கை ஊன்றாமல் மெதுவாக எழும்பி இருங்கள். ஐந்து தடவையில் தொடங்கிப் பத்து வரை கூட்டலாம். விழாமல் இருப்பதற்கு இது மிகவும் உதவும்.

எந்த வழியில் நடப்பது?

ஊரவர்கள் தினமும் பாவிக்கும் வீதியிலும் ஒழுங்கையிலும் மட்டும் நடவுங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையோ, எச்சரிக்கை நாடாவோ தெரிந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். நீங்கள் முன்பு நடந்த குறுக்குவழி நன்றாக நினைவில் இருக்கும். ஆனால் நீங்கள் இல்லாத காலத்தில் அந்த வழியில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. கைவிடப்பட்ட வீடு, பதுங்குகுழி, பற்றைக்காடு ஆகியவற்றுக்குள் விறகுக்கோ மூலிகைக்கோ இறங்காதீர்கள். 2011 ஜனவரியில் வந்தது போன்ற பெருவெள்ளம் புதைந்த வெடிபொருளை இடம் மாற்றக்கூடும். ஆகவே வெள்ளம் வடிந்த பின் வழியைப் பற்றிக் கிராம உத்தியோகத்தரிடம் மறுபடியும் கேளுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து அவரிடம் அல்லது பொலிசிடம் அறிவியுங்கள்.

காட்டோரக் கிராமங்களில் யானைப் பயம் உண்டு. அங்குள்ளவர்கள் நன்றாக வெளித்த பின் புறப்பட்டு, பொழுதுபட முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

எந்த நேரம் நல்லது?

காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் நடப்பது நல்லது. தவறினால் பின்னேரம் நாலரைக்குப் பின் நடக்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உடம்பு நீரை விரைவாக இழக்கும். முதியோருக்குத் தாகம் குறைவாகவே தெரியும். ஆகவே தாகம் எடுக்காவிட்டாலும் புறப்பட முன் ஒரு கோப்பை தண்ணீர் குடியுங்கள். மாரி காலத்தில் களிமண் ஒழுங்கை வழுக்கும். அந்த நாட்களில் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, பொதுநோக்கு மண்டபத்திலோ நடக்கலாம்.

செருப்பும் கைத்தடியும்

குதிக்காலைப் பிடிக்கும் வார் உள்ள செருப்பு நல்லது. தேய்ந்து வழுக்கும் செருப்பைப் பாவிக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். முள் குத்தினாலும், சுடுமணல் கொப்புளித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. நடந்து வந்ததும் இரண்டு பாதங்களையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கைத்தடி பிடிப்பதில் வெட்கம் வேண்டாம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் தலை மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடியுங்கள். அடியில் றப்பர் பொருத்தினால் வழுக்காது.

எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சில் நோவு அல்லது இறுக்கம், வழமைக்கு மாறான மூச்சுத்திணறல், தலைச்சுற்று, திடீரென ஒரு பக்கம் விறைத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நில்லுங்கள், இருங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இருதய நோய் உள்ளவர்கள் நடக்கத் தொடங்க முன் கிளினிக்கில் டொக்டரிடம் கேளுங்கள். நீரிழிவுக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். மடியில் இரண்டு இனிப்பு வைத்திருங்கள். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே வாயில் போடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

"நீங்க இருங்கம்மா, நாங்க பாக்கிறம்" என்று அன்பினால்தான் சொல்கிறோம். இழப்புகளுக்குப் பின் மிஞ்சிய தாய் தகப்பனை ஒரு துன்பமும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அது. ஆனால் எல்லாவற்றையும் நாமே செய்தால் அவர்களுடைய கால் பலம் போய்விடும். கோழிக்குத் தீன் போடுவது, பக்கத்துக் கடையில் தேயிலை வாங்குவது, பேரப்பிள்ளையைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப் போவது போன்ற வேலைகளை அவர்களிடமே விடுங்கள். நடந்து வர நேரமானால் ஏசாதீர்கள்.

சேர்ந்து நடவுங்கள்

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் மட்டக்களப்பு ஊடாக வாரக்கணக்கில் நடந்து செல்வதை நாம் அறிவோம். அவர்களில் எத்தனையோ பேர் வயதானவர்கள். வெயில் ஏற முன் நடந்து, மத்தியானம் நிழலில் ஆறி, மெதுவாக வருபவருக்காக மற்றவர்கள் காத்து நின்று, கூட்டமாகப் போவதால்தான் அவர்களால் அது முடிகிறது. ஊருக்குள் நடப்பதற்கும் இந்த முறை பொருந்தும்.

உங்கள் அயலில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு நேரம் குறியுங்கள். தான்தோன்றீஸ்வரர் ஆலய வீதியைச் சுற்றி வரலாம், அல்லது பாதுகாப்பானது என்று தெரிந்த வாவிக்கரை வழியாகக் காற்று வாங்கியபடி நடக்கலாம். ஒருவர் வராத நாளில் மற்றவர் அவர் வீட்டுப் படலையில் நின்று கூப்பிடுவார். சுகமில்லை என்பது அப்போதே தெரிய வரும்.

முதலில் நாங்கள் குறிப்பிட்ட அம்மம்மா பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுடன் ஒழுங்கை முடியும் வரை போய் வரத் தொடங்கினார். போகும் வழியில், இடம்பெயர்ந்த பின் காணாத ஒரு சிநேகிதியின் வீடு இருந்தது. இப்போது மூவராக நடக்கிறார்கள். கோயிலடி இன்னும் கொஞ்சத் தூரம்தான்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு குழு தொடங்க விரும்பினால் முதியோர் சங்கத்திலோ, குடும்ப நல உத்தியோகத்தரிடமோ, கிராமத்துக்கு வரும் எமது களப் பணியாளரிடமோ சொல்லுங்கள். முதல் நாள் அவர்களும் உங்களுடன் நடப்பார்கள்.