முறையீடும் பதிவேடும்

திரிகூட மலையினின்று இழியும் சிற்றாறு குற்றாலத்தில் பேரருவியாய் வீழ்ந்து தென்காசி வழியே செல்கின்றது. சாரற் பருவத்தில் அங்கு நீராட வருவோர் பலர். வெள்ளம் மிகுமாயின் காவலர் முதற்கண் மக்களை அப்புறப்படுத்துவர். மலைமேல் எத்துணை மழை பொழிந்தது என்னும் ஆராய்ச்சி பின்னரே நிகழும். கணிப்பொறிகளைப் பேணும் பணியிலும் இடரை நீக்குதல் வேறு, அதன் காரணத்தை ஆராய்தல் வேறு.

அப்பணிக்குரிய மென்பொருளை ஆக்கும் தொழில் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலேயே நடைபெறுகின்றது. 1996 ஆம் ஆண்டில் அட்வென்ட்நெட் என்னும் பெயருடன் தோன்றி, 2009 இல் ஜோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனம், 2011 இல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் அமைத்தது. வாடிக்கையாளரின் முறையீடுகளைப் பெற்றுத் தீர்க்க உதவும் ஜோஹோ டெஸ்க் இப்பகுதியில் உருவானதாகும். அலுவலகங்கள் தம் கணிப்பொறிகளைப் பேணுதற்கு உதவும் சர்வீஸ்டெஸ்க் பிளஸ் என்னும் மென்பொருளும் அந்நிறுவனத்தினுடையதே. இத்தகைய பணிக்குரிய முறைகளை 1980களில் பிரித்தானிய அரசின் துறையொன்று தொகுத்தது, அத்தொகுப்பு ஐ.டி.ஐ.எல். எனப்படும்.

ஒரு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தாங்கிய கணிப்பொறி நின்றுவிட்டது என்று கொள்வோம். மருத்துவர் காத்திருக்கின்றார். பழுது நீக்குவோர் விரைந்து அதனை இயங்கச் செய்வர். முறையீட்டிற்கு ஒரு சீட்டும் எழுதப்படும். இதனைத் தொழிலோர் டிக்கெட் என்பர். அடுத்த வாரமும் அதே பழுது நேர்கின்றது. அதற்கடுத்த வாரமும் அவ்வாறே. முதற் சீட்டில் ‘கணிப்பொறி பழுது’ என்றும், அடுத்ததில் ‘சர்வர் நின்றது’ என்றும், மூன்றாவதில் ‘முடிவு வரவில்லை’ என்றும் எழுதியிருப்பின், மூன்றும் ஒரே நோய் என்பதை எவர் அறிவார்? தரவைச் சீராக வைக்காதவிடத்துக் காரணம் புலப்படுவதில்லை.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. நிலம் கைமாறியும் பட்டா மாறாதிருப்பின் வழக்கு மூளும் என்பதைச் சிற்றூர் மக்கள் நன்கறிவர். கணிப்பொறியின் வட்டினை மாற்றியவன் பதிவேட்டை மாற்றாது விடின், பின்னர் வருபவன் ஏட்டை நம்பிப் புதிய வட்டினைப் பழையதெனக் கருதி அழித்துவிடக்கூடும். அழிவது இரும்பன்று, நோயாளரின் பரிசோதனை முடிவுகள். பழுதினை நீக்கியவுடன் எழுதாமற் செல்வதே பலர்க்கும் இயல்பு. ஆதலின் பதிவு முடியும் வரையில் பணி முடிந்ததாகக் கொள்ளாத முறை வேண்டப்படுகின்றது.

சீட்டும் ஒரு தரவே. அதனுள் ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும், சில வேளைகளில் நோயின் பெயரும் இருக்கும். முறையீடு தீர்ந்த பின்னும் அவை கிடக்கும். அவற்றை யார் காணலாம், எந்நாளில் நீக்கலாம் என்பன முன்னரே வகுக்கப்பட வேண்டும். தனிமனிதர் தரவினைக் காக்க இந்தியாவில் 2023 இல் சட்டமும் இயற்றப்பட்டது.

தரவிற்குப் படி எடுத்து வைத்தலும் இவ்வாறே நாள்தோறும் செய்யவேண்டிய பணியாகும். படி இருக்கின்றது என்று எண்ணியிருப்பது போதாது. குறித்த நாளில் ஒருவன் அதனை மீட்டுப் பார்த்து, முடிவுகள் யாவும் திறக்கின்றனவா என ஒப்புநோக்கி, தன் பெயரையும் நாளையும் பதிவேட்டில் எழுதுவான்.