அகற்றிய கழுத்துக் கட்டி மீண்டும் வருவது ஏன்?

அகற்றிய கட்டி அதே இடத்தில் எழுந்ததும் புற்றுநோயோ என்று அஞ்சி வருவோரை நாம் காண்கிறோம். நடுக்கழுத்தில், நாக்கை நீட்டும்போது மேலெழும் நீர்க்கட்டி பெரும்பாலும் பிறவியில் எஞ்சியது. கருவில் தைராய்டு சுரப்பி நாவின் அடியிலிருந்து இறங்கிய பாதை முற்றும் மறையாததே காரணம். அப்பாதை ஹயாய்டு எலும்பை ஒட்டிச் செல்வதால், பையை மட்டும் எடுத்தால் வேர் தங்கிவிடும். பாதிப்பேர் வரை கட்டி திரும்பக்கூடும். எலும்பின் நடுப்பகுதியையும் சேர்த்து அகற்றும் முறையை 1920இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சிஸ்ட்ரங்க் விளக்கினார். இதில் நூற்றுக்குச் சிலருக்கே திரும்புகிறது. எலும்பு என்றதும் பலர் தயங்குகின்றனர். அத்துண்டின்றியும் பேசலாம், விழுங்கலாம். குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களிலிருந்து வருவோர் முதல் அறுவையின் குறிப்பையும் திசு ஆய்வறிக்கையையும் தவறாது கொண்டுவருக. கட்டி சிவந்து வலித்தால், தொற்று தணிந்த பின்னரே மறு அறுவை. மூச்சுத் திணறினால் காலைப் பேருந்துக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.