பகலில் கண் மூடும் பச்சோந்தி

மலேசியக் காடுகளில் பச்சோந்தி இயற்கையாக வாழ்வதில்லை. மலாக்கா மாநிலத்தின் வடமேற்கில், மஸ்ஜித் தானா வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களின் ஓரத்திலும் வீட்டு வாசல் செம்பருத்தியிலும் தென்படுகின்ற, மலாய் மொழியில் சும்பா-சும்பா என அழைக்கப்படும் பச்சைப் பல்லி, அச்சமுற்றால் பழுப்பாகக் கறுத்துவிடும் என்றாலும், ஓணான் குடும்பத்தைச் சேர்ந்ததே. தனித்தனியே சுழலும் கண்களும் உடல் நீளத்தையும் மிஞ்சிப் பாயும் நாக்கும் அதற்கு இல்லை. செல்லப்பிராணிக் கடைகள் வழியாக இந்நாட்டு வீடுகளுக்கு வரும் உண்மையான பச்சோந்திகளில் முதன்மையானவை, ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழ்கின்ற, தலையில் உயர்ந்த கொண்டையுடைய ஏமன் பச்சோந்தியும், மடகாஸ்கரின் கடலோரத் தாழ்நிலங்களைச் சேர்ந்த பாந்தர் பச்சோந்தியும் ஆகும். நல்ல பராமரிப்பில் இவற்றின் ஆண்கள் ஐந்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியவை. ஆயினும் கூண்டுக்கு வந்த சில மாதங்களிலேயே இறந்துபோகும் பச்சோந்திகள் பல. அவற்றை வளர்த்தவர்கள் பெரும்பாலும், நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது என்றே கூறுவர்.

அவ்வாறு கூறுபவர்களின் கண்ணில் பட்டது உண்மையிலேயே அவ்வளவுதான். பறவைக்கும் பாம்புக்கும் இரையாகக்கூடிய ஒரு சிறு விலங்கு, தன் தளர்ச்சியை வெளிக்காட்டினால் அன்றே பிடிபட்டுவிடும் என்பதால், உடல் தாங்கும் கடைசி நாள்வரை கிளையைப் பற்றி நிமிர்ந்து நிற்க முயலும். ஆகவே திடீர் நோய் என்று தோன்றுவதில் பெரும்பகுதி, வாரக்கணக்கில் உள்ளே வளர்ந்த கோளாறு வெளியே தெரியும் கடைசிக் கட்டமாகவே இருக்கிறது. நாளைவரை பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதற்கு இந்த விலங்கினிடம் நாள் மிச்சமிருப்பதில்லை என்பதை வளர்ப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது கண். பச்சோந்தியின் கண் செதிலால் மூடப்பட்ட சிறு கூம்பாகப் புடைத்து நிற்கும். அதன் நுனியில் உள்ள சிறு திறப்பு வழியாக மட்டுமே அது உலகைப் பார்க்கிறது. நலமுள்ள விலங்கு பகல் முழுவதும் அக்கூம்புகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஆள் அருகில் வந்தால் ஒரு கண்ணாவது அவரைத் தொடரும். பகலில் கண்ணை மூடி அசையாமல் இருக்கும் பச்சோந்தியைத் தூங்குகிறது என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. பகல் தூக்கம் அதன் இயல்பில் இல்லை. ஒரு கண் மட்டும் மூடியிருந்தால் தூசியோ, புண்ணோ, வைட்டமின் ஏ குறைவால் ஏற்பட்ட வீக்கமோ காரணமாக இருக்கலாம். இரண்டும் மூடியிருந்தால் உடல் முழுவதையும் பற்றிய கேடு என்றே கொள்ள வேண்டும். கூம்பு புடைப்பிழந்து மண்டைக்குள் குழிந்திருந்தால், பெரும்பாலும் உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டுவது தவறாக முடியும். பாந்தர் பச்சோந்தியின் தோலில் குவானின் என்னும் பொருளாலான நுண்படிகங்கள் அடுக்கப்பட்டுள்ளன என்பதையும், அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்பதையும் 2015ஆம் ஆண்டு ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினர். இதனுடன், கருநிறமி உயிரணுக்களுக்குள் நிறமி பரவிச் சுருங்குவதும் சேர்ந்துகொள்கிறது. குளிர், அச்சம், சினம் ஆகிய எதனாலும் உடல் கறுக்கலாம். எனவே சிறிது நேரக் கருமையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; வெயிலும் அமைதியும் கிடைத்த பின்னரும் நாள் முழுவதும் கறுத்தோ மங்கியோ இருப்பதும், கூண்டின் உச்சிக்குப் போகாமல் கீழ்க்கிளையிலேயே தங்குவதும், தரையில் படுத்துவிடுவதும் சேர்ந்து வந்தால்தான் அது நோயைக் குறிக்கிறது. மரத்தில் வாழும் இவ்விலங்கு தரையில் கிடப்பது, முட்டையிட இடம் தேடும் பெண்ணைத் தவிர, மற்றெல்லாவற்றுக்கும் அவசர நிலையாகும்.

மலாக்காவின் ஈரக்காற்றில் பச்சோந்திக்கு நீர் வற்றுமா என்று சிலருக்கு ஐயம் எழலாம். வற்றும். பச்சோந்தி பெரும்பாலும் கிண்ணத்துத் தேங்கிய நீரைக் குடிநீராக அறிவதில்லை. இலையில் உருண்டு வழியும் துளியையே நக்கிக் குடிக்கும். ஆகவே கிண்ணம் நிறைய நீர் இருந்தும், இலைமேல் நீர் தெளிக்காத வீட்டில், அதிலும் நாள் முழுவதும் ஏர்கோன் ஓடும் அறையில், அது தாகத்தால் மெல்ல மெலிகிறது. இதை அறியக் கழிவைப் பார்த்தாலே போதும். கரிய மலத்தோடு சேர்ந்து வெளிவரும் யூரேட் என்னும் உப்புப்பகுதி வெண்மையாக இருப்பது இயல்பு; அதில் சிறிது மஞ்சள் கலந்தால் கவனம் தேவை; முழுவதும் செம்மஞ்சளாகிக் கட்டிபட்டால் நீர்ப்பற்றாக்குறை முற்றிவிட்டது. இந்நிலை நீடித்தால் சிறுநீரகம் கெட்டு, மூட்டுகளில் அவ்வுப்பே படிந்து வீங்கும்.

எலும்பு மெலிவு நோய் இதைவிடக் கொடியது. வளரும் குட்டிகளை அதிகம் தாக்குவதும் அதுவே. உணவில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும்; அந்த வைட்டமினைத் தோலில் உருவாக்க, வெயிலில் உள்ள யுவிபி எனப்படும் புற ஊதாக் கதிர் வேண்டும். சன்னல் கண்ணாடி அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், கண்ணாடிக்குப் பின்னால் வைத்த கூண்டில் வெளிச்சம் இருந்தும் பயனில்லை. கடையில் வாங்கும் சிள்வண்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு மிகுதி என்பதால், கால்சியப் பொடி தூவாமல் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் பற்றாக்குறையைக் கூட்டுகிறது. இரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் உடல் தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கத் தொடங்குகிறது. அப்போது கிளையைப் பற்றிய விரல் நுனிகள் துடிக்கும்; முன்கால்கள் வில்லாய் வளைந்து முழங்கை வெளியே தள்ளும்; தாடை ரப்பர் போல் இளகி மேலும் கீழும் பொருந்தாமல் போகும்; இரையை நோக்கி நாக்கு நீளும், ஆனால் பாதி வழியிலேயே தொய்ந்து விழும். வளர்ப்பவர் பலர் காண்பது இந்தக் கடைசிக் காட்சியைத்தான். இரையைக் குறி தவறவிட்டது என்று அவர்கள் எண்ணும் அந்த நாளில், எலும்பும் தசையும் முன்பே தோற்றுவிட்டிருக்கின்றன. வலிப்பு கண்டால், மருத்துவர் ஊசி வழியாகச் செலுத்தும் கால்சியமே உயிரைக் காக்கும். வீட்டில் வாயைத் திறந்து பொடியைத் திணிக்க முயன்றால், இளகிய தாடை முறிந்துவிடும்.

வெப்பத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் பச்சோந்தி வளர்ப்புக் கையேடுகளில் பல குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே அறை 20 பாகைக்கும் கீழே இறங்கும் என்பதால் சூட்டு விளக்கு இன்றியமையாதது. மலாக்காவிலோ பகல் 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரை போகும்; இரவிலும் 23 பாகைக்குக் கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை. தகரக் கூரையின் கீழ் மூடிய அறையில் இதற்கும் மேல் ஒரு சூட்டு விளக்கைக் கூண்டின் கம்பிவலைமேல் வைப்பது, விலங்கை வேகவைப்பதற்கே ஒப்பாகும். வலையில் தொங்கும் பச்சோந்தி முதுகு தீய்வதைத் தாமதமாகவே உணர்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, நிறம் வெளிறி, பின் சோர்ந்து சரிந்தால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்துக்கு மாற்றி, அறைச்சூட்டிலுள்ள நீரை மென்தூறலாகத் தெளிக்க வேண்டும். ஐஸ் நீரும், முகத்தில் அறையும் ஏர்கோன் காற்றும் அதிர்ச்சியைக் கூட்டும். சூட்டு விளக்கு இவ்வூரில் பல வீடுகளுக்குத் தேவையே இல்லை. யுவிபி விளக்கோ, அல்லது பாதி நிழல் படும் வலைக்கூண்டில் காலை வெயிலோ கட்டாயம் தேவை. வெளியே வைக்கும்போது ஆள் உடன் இருக்க வேண்டும்: பூனை, காகம் மட்டுமன்றி, மாமரத்து முசுறு எறும்புகளும் கூண்டுக்குள் ஏறிக் கண்ணிமையைக் கடித்துவிடும்.

வாய் திறந்திருப்பது வெப்பத்தால் மட்டும் வருவதன்று. கூண்டு நிழலில் இருந்தும், விலங்கு கழுத்தை மேல்நோக்கி நீட்டி, மூச்சோடு சீழ்க்கை ஒலி எழுப்பி, உதட்டோரம் நுரையோ சளியோ காட்டினால், நுரையீரலில் தொற்று ஏற்பட்டிருக்கிறது. ஊர்வனவற்றுக்கு மனிதனைப் போன்ற உதரவிதானம், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து இருமலுக்கு விசை தரும் தசைத்திரை, இல்லை. சளியை இருமி வெளியேற்ற முடியாததால் அது உள்ளேயே தங்கிக் கெடுகிறது. ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்த கண்ணாடித் தொட்டிகள் இதற்கு வழி வகுக்கின்றன. நான்கு பக்கமும் வலையிட்ட கூண்டு இந்நாட்டுக்கு ஏற்றது. ஒரு தெளிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே இலைகள் உலர வேண்டும்.

நலமான விலங்கு ஒரே மணி நேரத்தில் நடுங்கித் துடித்தால் நஞ்சை எண்ண வேண்டும். டெங்கிக் காய்ச்சலுக்காகத் தாமான் தெருக்களில் அடிக்கும் பூச்சிக்கொல்லிப் புகை, களைமருந்து தெளித்த செம்பனை வரிசையில் பிடித்த வெட்டுக்கிளி, அறையில் எரியும் கொசுவர்த்தி என இங்கே அதற்கு வழிகள் பல. புகையடிக்கும் அறிவிப்பு வந்த நாளில் கூண்டை உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவடைத்து, பின்னர் இலைகளையும் கம்பிகளையும் கழுவிவிட வேண்டும். மின்மினியை ஒருபோதும் இரையாகக் கொடுக்கலாகாது. அமெரிக்க இன மின்மினிகளைத் தின்ற வளர்ப்புப் பல்லிகள் சில மணி நேரத்துக்குள் இறந்ததை 1999ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று பதிவு செய்துள்ளது.

ஏமன் பச்சோந்தியில் பெண், ஆணோடு சேராமலேயே முட்டை உருவாக்கி இடக்கூடியது. ஈர மணல் நிரம்பிய ஆழமான தொட்டி கிடைக்காவிட்டால் முட்டைகளை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். முட்டைக்கட்டு எனத்தக்க இந்நிலையில் வயிறு புடைத்தும் கண்கள் குழிந்தும் சில நாட்களில் இறந்துவிடும். வயிறு பருத்த பெண், தோண்டுவதை விட்டுச் சோர்ந்து கண் மூடினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

நோய் எதுவாயினும், மருத்துவரை அடையும்வரை வீட்டில் செய்யத்தக்கது குறைவு, செய்யக்கூடாததே அதிகம். கையில் எடுத்து எடுத்துப் பார்ப்பதை நிறுத்தி, கூண்டைத் துணியால் பாதி மறைத்து, வீட்டுச் சத்தத்தைக் குறைக்க வேண்டும். தலையைத் தானே தூக்கி வைத்திருக்கும் விலங்குக்கு இலைமேல் நீர் தெளித்து, அது விரும்பினால் குடிக்க விடலாம். தலை தொங்கும் விலங்கின் வாயில் நீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வலுக்கட்டாயமாக ஊட்டுவதும், தொட்டி நீரில் முக்குவதும், மனிதருக்கான வலிமாத்திரையோ, முன்பு நாய்க்கு வாங்கிய குடற்புழு மருந்தின் மிச்சமோ கொடுப்பதும் உயிரைப் பறிக்கும். அன்பினால் செய்யப்படுபவையே இவை. ஆயினும் நீர் வற்றிய சிறுநீரகத்துக்குச் சில கிருமிக்கொல்லி மருந்துகள்கூட நஞ்சாகும் என்பதால் அளவறியாத கை விலகியிருப்பதே பரிவு.

நாய், பூனை பார்க்கும் கிளினிக்குகள் எல்லாம் ஊர்வனவற்றுக்கு மருத்துவம் செய்வதில்லை. எனவே நலமாக இருக்கும் காலத்திலேயே மலாக்கா நகரிலும் சிரம்பானிலும் தொலைபேசியில் கேட்டுவைக்க வேண்டும். செர்டாங்கில் உள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இவ்வகை விலங்குகளையும் பார்க்கிறது. மஸ்ஜித் தானாவிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கு மேல் என்பதால் பயண ஏற்பாடும் முக்கியம். காற்றுத்துளையிட்ட சிறு பெட்டியில் சுருட்டிய துணியைப் பற்றிக்கொள்ள வைத்து, இருட்டாக மூடி, காரின் ஏர்கோன் நேரே படாமல் கொண்டுபோக வேண்டும். அன்றைய கழிவை மூடிய பையில் எடுத்துச் சென்றால் குடற்புழுவைச் சோதிக்கலாம். கூண்டின் புகைப்படம், விளக்கின் பெயரும் வாங்கிய மாதமும், கொடுத்த சத்துப்பொடியின் புட்டி ஆகியவை மருத்துவருக்கு அரை நோயறிதலைக் கையில் தந்துவிடும். யுவிபி விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் அதன் கதிர் தேய்ந்துவிடும் என்பதால் அந்த மாதத்தை அவர் கட்டாயம் கேட்பார். வாரந்தோறும் சமையல் தராசில் எடை பார்த்துக் குறித்த தாள் இருந்தால் இன்னும் நன்று: 150 கிராம் எடையுள்ள விலங்கு 15 கிராம் இழப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது உடலின் பத்தில் ஒரு பங்கு.

பச்சோந்திகளின் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டது. மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகச் சட்டம் அதை நடைமுறைப்படுத்துகிறது. விற்பவரிடம் தாள்களைக் கேட்பது சட்டத்துக்காக மட்டுமன்று. காட்டிலிருந்து பிடித்து அனுப்பப்பட்டவை புழுக்களோடும் வற்றிய உடலோடும் வந்து சில வாரங்களிலேயே இறப்பதால், கூண்டில் பிறந்ததற்குச் சான்றுள்ள விலங்கே வாங்கத் தக்கது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும், நோயுற்ற வளர்ப்பு விலங்குக்கு மருத்துவம் அளிப்பதை உரிமையாளரின் கடமையாக்குகிறது. சால்மொனெல்லா என்னும் குடற்கிருமியை ஊர்வன சுமக்கக்கூடும் என்பதால், நோயுற்றதைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். சிறு குழந்தைகளை விலக்கி வைக்க வேண்டும்.

எல்லா முயற்சிகளுக்குப் பின்னும் விலங்கு இறந்துவிட்டால், அதுவும் வீட்டில் இன்னொன்று இருந்தால், உடலைப் பையிலிட்டுக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மறுநாளுக்குள் மருத்துவரிடம் ஒப்படைத்து உடற்கூறாய்வு கேட்க வேண்டும். ஐஸ் அறையில் உறையவிட்டால் திசு சிதைந்து, இறப்பின் காரணத்தைக் கண்டறிவது கடினமாகிவிடும்.