மண்ணுக்கென்று ஒரு பயிர்

பூந்தமல்லி, திருமழிசை தாண்டித் திருவள்ளூர் சாலையில் போனால், மனைப்பிரிவுக் கற்களுக்கு அப்பால் இன்னும் நெல் வயல்கள் தெரிகின்றன. நவரை அறுவடை முடிந்து சம்பாவுக்கு நாற்று விடும்வரை, ஏரியில் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் அவை வெறுமனே கிடக்கும். வெயில் மேல்மண்ணைப் பொடியாக்கும். கோடை மழை அதை அரித்துப் போகும். அந்த இடைவெளியில் ஒன்றரை மாதத்தையாவது மண்ணுக்குக் கொடுக்க வேண்டும்.

கோடை மழை ஈரத்தில் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்தால் போதும். 45 நாளில் பூவெடுக்கும்போது ரோட்டவேட்டர் விட்டு மடக்கி உழ வேண்டும். நன்றாக வளர்ந்திருந்தால் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் பசுந்தழை மண்ணில் சேரும். வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்தும் அதோடு சேரும். நாளைத் தள்ளிப்போட்டால் தண்டு நாராகிவிடும். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். நட்ட நாற்று வெளுத்து நிற்கும். உழுத பின்னும் ஒரு வாரம், பத்து நாள் விட்டுத்தான் நட வேண்டும்.

நிலத்தைப் பார்த்துத்தான் விதை. உப்புத் தட்டிய மண்ணுக்கும் நீர் தேங்கும் பள்ளத்துக்கும் தக்கைப்பூண்டு. வடிகால் உள்ள மேட்டுக்குச் சணப்பு. ஆடு மாடு வாய்வைக்காத கொளுஞ்சி, ஒருமுறை விதைத்தால் உதிர்ந்த விதையிலிருந்தே அடுத்த ஆண்டும் முளைக்கும். காவல் இல்லாத வயலுக்கு அதைவிட நல்லது கிடையாது.

திருவாலங்காடு கூட்டுறவு சர்க்கரை ஆலையைச் சுற்றியுள்ள கரும்புக்காரர்கள் இதற்காக நிலத்தைக் காலியாக வைக்கக்கூட வேண்டாம். கரணை நட்ட மூன்றாம் நாள் பாரின் ஓரத்தில் சணப்பு விதைத்து, 45ஆம் நாள் மண் அணைக்கும்போது உள்ளே தள்ளச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஐரோப்பாவில் கரும்பின் இடத்தில் இருப்பது சர்க்கரைக்கிழங்கு, நம் பீட்ரூட்டின் உடன்பிறப்பு. அங்கே கிழங்கு விதைப்புக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் கடுகும் ஒருவகை முள்ளங்கியும் விதைக்கிறார்கள். தேர்ந்த ரகமாக இருந்தால் அதன் வேர், மண்ணிலுள்ள, கிழங்கைத் தாக்கும் நூற்புழுவின் முட்டைகளைப் பொரிக்க வைத்து, புழு பெருக மட்டும் இடம் தராது. சணப்பும் வேர்முடிச்சு நூற்புழுவை அடக்கக்கூடியதுதான்.

2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில், 2 லட்சம் ஏக்கரில் பசுந்தாள் உரப்பயிர் வளர்க்கத் தமிழக அரசு 20 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல காரியம். ஆனால் நகரம் நெருங்கிவிட்ட இந்தப் பக்கத்தில் வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுகிறவர், அடுத்த ஆண்டு நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாமல் எப்படி மண்ணில் பணம் போடுவார்? மனை விலைக்காகக் காத்திருக்கும் உரிமையாளர்கள் மூன்று ஆண்டுக் குத்தகையாவது எழுதிக் கொடுக்கலாம். வேளாண் விரிவாக்க மையங்களுக்கும் பங்குனி முடிவதற்குள் விதை வந்துவிட வேண்டும். ஆடியில் வந்து சேரும் விதையை வளர்த்து மடக்க, சம்பாவுக்கு முன் நாள் இருக்காது.